அந்தோணியம்மாளுக்கு ஒரு பார்ட் டூ ஆர்டர்: படைவீரரின் ஆவணத்தில் மனைவியின் பெயரைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தை ஒட்டிய ஒரு கடலோரக் குடியிருப்பில் வசிக்கும் நாயக் பதவியில் இருந்த முன்னாள் படைவீரர் ஒருவரின் ராணுவ ஆவணத்தில் அவருடைய மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் தவறாக இருந்தன. அவற்றைத் திருத்த 2023 அக்டோபரில் தொடங்கிய முயற்சி, முதல் விண்ணப்பத்திலேயே தவறான வழியில் போய், நான்கு மாதத்தை வீணடித்து, பிறகு சரியான வழிக்குத் திரும்பி 2025 பிப்ரவரியில் முடிந்தது. படையில் கிளார்க்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இடையில் இந்த வேலை என் கைக்கு வந்தது. ஊரார் அவரைப் ‘பட்டாளத்தார்’ என்று அழைப்பதால் நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன். அவர் மனைவிக்கு அந்தோணியம்மாள் என்று ஒரு மாற்றுப் பெயர் கொடுத்திருக்கிறேன். நடந்த பிழையின் தன்மை மாறாமல் இருக்க, அதே விதமான பிழைக்கு இடமளிக்கும் பெயராகப் பார்த்துத் தேர்ந்தது அது. அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த ரெக்கார்ட் ஆபீஸ் (வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) என்பதைச் சொல்லப்போவதில்லை.

பட்டாளத்தார் 1980இல் சேர்ந்தவர். அக்கால நிபந்தனைப்படி பதினைந்து ஆண்டு நேரடிப் பணி, அதன்பின் இரண்டு ஆண்டு ரிசர்வ். 1995இல் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பி, 1997 வரை ரிசர்வில் இருந்தார். அதாவது, போர் வந்து அழைத்தால் திரும்பிப் போகக் கடமைப்பட்டவர். ரிசர்வில் இருப்பவர் முகவரி மாறினாலும் குழந்தை பிறந்தாலும் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவர் கையெழுத்திட்ட தாள்களிலேயே இருந்திருக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறிய அன்றே ராணுவத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். 1996இல் பிறந்த கடைசி மகனின் பெயர் அவருடைய ஆவணத்தில் ஏறாமலே போனது இதனால்தான். அந்தச் சிறு பிழைக்குப் பின்னர் வருகிறேன்.

பெரிய பிழை வெளிப்பட்டது ஸ்பர்ஷ் வழியாக. பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியங்கள் வங்கிகளின் கையிலிருந்து 2021க்குப் பின் படிப்படியாக ஸ்பர்ஷ் என்ற ஒரே இணைய அமைப்புக்கு மாற்றப்பட்டபோது, பழைய ஓய்வூதியர்கள் தங்கள் விவரங்களைத் திரையில் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வங்கியில் இருந்தவரை இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மாதா மாதம் பணம் வந்தது, நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தார்கள், அவ்வளவுதான். மகள் அப்பாவை இ-சேவைக் கடைக்கு அழைத்துப்போய் ஸ்பர்ஷைத் திறந்தபோது, கணவன் அல்லது மனைவி பெயர் என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ‘ஆண்டனி அமல்’ என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்டனியும் ஆண் பெயர், அமலும் ஆண் பெயர். கடைக்காரப் பையன், “ஐயா, இது உங்க மகன் பேரா?” என்று கேட்டிருக்கிறான். பிறந்த தேதிக் கட்டத்தில் 1964 ஜூலை 1 என்றிருந்தது. அந்தோணியம்மாளின் ஆதாரில் இருந்ததோ 1959 ஜனவரி 1.

அந்த இரு தேதிகளையும் பார்த்தவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜூலை 1, ஜனவரி 1 இரண்டும் பிறந்த தேதிகளே அல்ல. ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கோ, வயதை உத்தேசமாகச் சொன்னவருக்கோ, கட்டத்தைக் காலியாக விட முடியாத எழுத்தர் போட்டுவிடும் தேதிகள்.

பட்டாளத்தாருக்கு அந்த ஆண்டுதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருக்கு ஏதாவது ஆனால், குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரப்போகிறவர் ஆதாரோடு வரும் அந்தோணியம்மாள். ராணுவத்தின் கணக்கிலோ அந்தப் பெயரில் மனைவியே இல்லை. குடும்ப ஓய்வூதியத்தின் குறைந்தபட்ச அளவு 2016 முதல் மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். அந்தம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. கணவர் உயிரோடிருக்கும்போது இந்தத் திருத்தம் ஒரு விண்ணப்பம். படைவீரரே கையெழுத்திட்டு ‘இவர்தான் என் மனைவி’ என்று சொல்லிவிடுகிறார். அவர் போன பிறகு அதே திருத்தம், சொல்ல வேண்டிய ஆள் இல்லாத ஒரு வழக்கு.

முதல் விண்ணப்பம்

அவசரப்பட்டது குடும்பத்தின் குற்றமல்ல. நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதும் ஒருவரிடம் போனார்கள். அவரிடம் பெயர் மாற்றத்துக்கென்று ஒரு வார்ப்பு வாசகம் தயாராக இருந்தது. ‘ஆண்டனி அமல் என்ற என் பெயரை அந்தோணியம்மாள் என்று மாற்றிக்கொண்டேன், இனி எல்லா ஆவணங்களிலும் இப்பெயராலேயே அறியப்படுவேன்’ என்று அந்தம்மா பெயரில் உறுதிமொழிப் பத்திரம் தயாரானது. ஆதார் நகலோடு அதை இணைத்து, 2023 நவம்பரில் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

2024 பிப்ரவரியில் பதில் வந்தது. பெயர் மாற்றம் என்றால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். பழைய பெயரில் இருந்த அடையாள ஆவணங்கள் வேண்டும். இரு பெயருக்கும் இடையே பிறந்த ஆண்டில் ஐந்து வருட வேறுபாடு இருப்பதால், ஆவணத்தில் உள்ள மனைவி உயிரோடு இருக்கிறாரா, மணவிலக்கு ஆனதா, விண்ணப்பத்தில் உள்ளவர் இரண்டாம் மனைவியா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். மகள் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னதும் அந்தோணியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்து, “அந்த மொதப் பொண்டாட்டிய எங்க வச்சிருக்கீக?” என்று கேட்டாராம். வீடே சிரித்திருக்கிறது. பட்டாளத்தார் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கடிதத்தைக் கொண்டுதான் என்னிடம் வந்தார்கள். கேள்வி கொஞ்சம் கடுமையாகப் பட்டாலும், ரெக்கார்ட் ஆபீஸ் கேட்டது நியாயமே என்று அவர்களிடம் சொன்னேன். வேறு பெயர், வேறு வயது, ‘மாற்றிக்கொண்டேன்’ என்ற வாக்குமூலம் மூன்றும் சேர்ந்தால், தாளை மட்டும் பார்க்கிறவருக்கு அது வேறொரு பெண் என்றுதான் தோன்றும். படைவீரரின் இறப்புக்குப் பின் இரு பெண்கள் ஒரே ஓய்வூதியத்துக்கு வந்து நிற்கும் வழக்குகளைப் பார்த்துப் பழகிய இடம் அது.

உண்மையில் அந்தம்மா எந்தக் காலத்திலும் பெயரை மாற்றிக்கொண்டதே இல்லை. மாற்றியது ஒரு தட்டச்சு இயந்திரம். ஆகவே கேட்க வேண்டியது பெயர் மாற்றம் அல்ல, எழுத்துப் பிழைத் திருத்தம். நம் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். அலுவலகத்தில் அவை இரண்டு கோப்புகள். மாற்றம் என்றால் மாற்றியவர் நிரூபிக்க வேண்டும், அதுவும் மாற்றிய நாளிலிருந்துதான் செல்லும். திருத்தம் என்றால், முதலில் தரப்பட்ட மூலச் சான்றில் என்ன இருந்தது என்பதைக் காட்டினால் போதும், அது முதல் நாளிலிருந்தே செல்லும். ‘மாற்றிக்கொண்டேன்’ என்று சத்தியம் செய்த அந்த ஒரு வினைச்சொல்தான் நான்கு மாதத்தைத் தின்றது.

பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன

ஒவ்வொரு படைப்பிரிவிலும் அன்றாட ஆணைகள் இரண்டு பகுதிகளாக வெளியாகும். முதல் பகுதி, நாளைக்கு அணிவகுப்பு எத்தனை மணிக்கு, யார் காவல் பணி என்பன போன்ற நடப்பு வேலைகள். இரண்டாம் பகுதிதான் பார்ட் டூ ஆர்டர்: விடுப்பு, பதவி உயர்வு, திருமணம், குழந்தைப் பேறு, நியமனதாரர் மாற்றம் என்று ஒரு வீரரின் சம்பளத்தையும் குடும்பத்தையும் தொடும் ஒவ்வொரு நிகழ்வும் அதில் ஏறியாக வேண்டும். அதன் பிரதி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் வீரரின் பணி விவரத் தாளான ஷீட் ரோலிலும் குடும்பப் பட்டியலிலும் பதியப்படும். பார்ட் டூ ஆர்டரில் வராத திருமணம், ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்காத திருமணம்.

பிழை எப்படி ஏறியிருக்கும் என்பதை என்னால் ஏறக்குறைய கண்ணால் பார்த்ததுபோல் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். எண்பதுகளில் இந்த ஆணைகளை மெழுகு ஸ்டென்சிலில் தட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுப்போம். ஒரு எழுத்து தவறினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி தட்ட வேண்டும். மாலைக்குள் நாற்பது நிகழ்வுகளை ஏற்ற வேண்டிய கிளார்க், தனக்குத் தெரியாத மொழியின் நீண்ட பெயரைக் காதில் கேட்டபடி உடைத்துத் தட்டுவார். ‘அந்தோணி’ அவருக்கு ஆண்டனி. ‘யம்மாள்’ என்பதில் வரும் ஒற்றும், நாக்கை மடித்துச் சொல்லும் ‘ள்’ளும் அவர் மொழியில் இல்லை, ஒரு எம், ஒரு எல், ஒரு இடைவெளி, வேலை முடிந்தது. பஞ்சாப் வீரர்களின் மனைவியர் பெயர்களை நானும் எப்படியெல்லாம் தட்டியிருப்பேனோ தெரியவில்லை. அந்தக் குடும்பங்கள் என்னை மன்னிக்கட்டும்.

ஆகவே முதல் வேலையாக, மூலத் தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பட்டாளத்தார் தம் பெயரிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் அஞ்சல் ஆணையை இணைத்து, 1984ஆம் ஆண்டுத் திருமணப் பார்ட் டூ ஆர்டரின் நகலையும், அதற்கு ஆதாரமாகக் கோப்பில் உள்ள சான்றின் நகலையும் கேட்டார். சட்டம் தரும் அவகாசம் முப்பது நாள். ஐந்து வாரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, மங்கிப்போன ஸ்டென்சில் அச்சில் ‘ஆண்டனி அமல்’. மற்றொன்று, பங்குத்தந்தை கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஆலயத் திருமணச் சான்றின் நகல். அதில் ஒரு எழுத்துப் பிசகாமல் முழுப் பெயர். திருமணத் தேதி இரண்டிலும் ஒன்றே. ஆக, திருத்தத்துக்கான சான்று நாற்பது ஆண்டுகளாக அவர்களுடைய கோப்பிலேயே, தவறான தாளுக்கு அடுத்த தாளாக இருந்திருக்கிறது.

இங்கே பட்டாளத்தாருக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. ஓய்வூதியம் பெறாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று ராணுவ விதிமுறையின் 595ஆம் பத்தி சொல்கிறது. பெயரும் எண்ணும் அடங்கிய லாங் ரோல் மட்டுமே பிறகு மிஞ்சும். அவர் ஓய்வூதியர் என்பதால் தாள் பிழைத்தது. ஓய்வூதியத் தகுதிக்கு முன்பே வெளியேறிப் பின்னாளில் பழைய பதிவைத் திருத்த வருகிறவர்களுக்கு, திருத்துவதற்கென்று ஒரு தாளே இல்லை என்ற பதில்தான் பல நேரம் வருகிறது.

பிறந்த தேதி

பெயரைவிட இதுதான் கடினமாக இருந்தது. ஆவணத்தில் 1964, ஆதாரில் 1959. இரண்டில் ஒன்றை மற்றொன்றுக்கு ஏற்ப மாற்றிவிட்டால் போதும் என்று குடும்பம் நினைத்தது. ஆதாரை அப்படியே விட்டு, ராணுவ ஆவணத்தை 1959 ஆக்கினால் லாபம் என்றுகூட ஒரு உறவினர் கணக்குப் போட்டார். கணக்கு தவறில்லை: எண்பது வயதில் குடும்ப ஓய்வூதியத்தில் இருபது விழுக்காடு கூடும், எண்பத்தைந்தில் முப்பது, தொண்ணூறில் நாற்பது, தொண்ணூற்றைந்தில் ஐம்பது, நூறில் முழுதாக ஒரு மடங்கு. ஆனால் பொய்யான தேதிக்குச் சத்தியம் செய்யும் பத்திரத்தில் என் கை படாது என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாவே அதை ஒப்பவில்லை.

அப்படியானால் உண்மையான தேதி எது? அந்தோணியம்மாள் தனுஷ்கோடிக் குழந்தை. 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஏறி, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும், நிலையத்தையும், தபால் நிலையத்தையும், பள்ளியையும், ஆலயத்தையும் அடித்துக்கொண்டு போனபோது அவரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு மணல் மேட்டுக்கு ஓடியதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். ஓடத் தெரியாத குழந்தை என்றால் 1959 இல்லை. கைக்குழந்தையும் இல்லையாம், ‘மாமா’ என்று கூப்பிடத் தெரிந்த குழந்தையாம். அப்படியென்றால் 1964 ஜூலையும் இல்லை. ஊரோடு எல்லாத் தாளும் போயிற்று. பேரிடரில் கல்விச் சான்றிதழை இழந்தவர்களுக்கென்று இ-சேவையில் ஒரு சான்றிதழ் உண்டு என்று ஒருவர் நினைவூட்டினார். பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கு அதில் என்ன பயன்?

வழி திறந்தது ஒரு சாதாரணக் கேள்வியில். அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளையா என்று கேட்டேன். ஆம் என்றார். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அப்படியானால் அவர் தனுஷ்கோடியில் பிறந்திருக்கவே மாட்டார். அம்மாவைப் பெற்ற ஊர் சாயல்குடிப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமம். அந்த ஊரைக் கடல் கொள்ளவில்லை, ஆலயத்தின் பதிவேடும் பிழைத்திருந்தது. மகளும் நானும் ஒரு சனிக்கிழமை போனோம். பங்குத்தந்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, தலைப்புகள் இலத்தீனில் இருந்தன. 1962 ஜூன் 13, புனித அந்தோணியார் திருநாள். அந்தத் தேதிக்கு நேரே ‘அந்தோனியா’ என்று இலத்தீன் வடிவில் ஒரு பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர்கள், பிறந்தது ஜூன் 9 என்று ஒரு குறிப்பு. இந்தப் பெண்ணுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதும் அந்த வரியிலேயே இருந்தது. மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் ஆதாரில் தேதியை மாற்ற ஆலயப் பதிவு செல்லாது. பிறப்புச் சான்றிதழ் போன்ற அரசு ஆவணம் வேண்டும். அதோடு, ஆதாரில் பிறந்த தேதியை வாழ்நாளில் ஒருமுறைதான் மாற்ற அனுமதிப்பார்கள், பெயரை இரண்டு முறை. அந்த ஒரு வாய்ப்பை அரைகுறைச் சான்றோடு பயன்படுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆகவே ஆலயப் பதிவைச் சான்றாக நீட்டாமல், தேடுவதற்கான திறவுகோலாக வைத்துக்கொண்டோம். கிராம முன்சீப்புகள் பிறப்பு இறப்பைப் பதிந்துவந்த காலம் அது. அந்தப் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டாலும் அவர்கள் எழுதிய பழைய ஏடுகள் பல வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கின்றன. ‘எப்போதோ அறுபதுகளில் பிறந்தவர்’ என்று கேட்டால் எந்த எழுத்தரும் தேட மாட்டார். ‘1962 ஜூன், இந்தக் கிராமம், தகப்பன் பெயர் இது’ என்று கேட்டதால் அரை மணியில் கிடைத்தது. ஜூன் 10, பெண் குழந்தை, தகப்பன் பெயர், தாய் பெயர். குழந்தையின் பெயர்க் கட்டம் காலி.

அக்காலப் பதிவுகளில் இது வழக்கம். பிறந்த ஓரிரு நாளில் பதியும்போது குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 14ஆம் பிரிவு பெயரில்லாத பதிவில் பிற்பாடு பெயர் சேர்க்க இடம் தருகிறது. பழைய பதிவுகளுக்காகத் தமிழ்நாட்டில் அவகாசம் நீட்டிக்கப்பட்டிருந்த நேரமாகவும் அது அமைந்தது. ஜூலையில் பெயரோடு சான்றிதழ் வந்தது. ஆலயத்தில் 9, அரசுப் பதிவில் 10 என்ற ஒரு நாள் வேறுபாட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை; அரசுப் பதிவையே எடுத்துக்கொண்டோம். ஆகஸ்டில் ஆதார் திருந்தியது.

பட்டாளத்தாரின் சொந்தப் பிறந்த தேதியிலும் இரண்டு மாத வேறுபாடு இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அதையும் ராணுவ ஆவணத்தில் திருத்தலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். மனைவி மக்கள் விவரம் வேறு, வீரரின் சொந்தப் பிறந்த தேதி வேறு. சேரும்போது பதிந்த தேதியை வைத்துத்தான் அவருடைய பணிக்காலமும் ஓய்வும் கணக்கிடப்பட்டன. பணியின் இறுதியில்கூட அதை மாற்ற உச்ச நீதிமன்றம் இடம் கொடுப்பதில்லை, ஓய்வுக்குப் பின் கேட்கவே வேண்டாம். அங்கே நகர வேண்டியது ஆதார்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிபிஓ என்று எல்லோரும் சொல்லும் ஓய்வூதிய ஆணையையும் காட்டி அதை முடித்துக்கொண்டார்.

இரண்டாம் விண்ணப்பம்

2024 செப்டம்பரில் போன இந்த விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் படை எண், பதவி, பெயர், பிபிஓ எண், ஸ்பர்ஷ் எண். இரண்டாம் பத்தியில், ‘என் மனைவி பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, எனக்கு நடந்தது ஒரே திருமணம், அந்தத் திருமணத்தின் பார்ட் டூ ஆர்டரில் பெயர் தவறாகத் தட்டச்சாகியிருக்கிறது, தங்கள் கோப்பில் உள்ள ஆலயச் சான்றே இதற்கு ஆதாரம்’ என்று எழுதி, அவர்கள் அனுப்பிய இரு தாள்களின் நகலையே முதல் இணைப்பாக வைத்தோம். மூன்றாம் பத்தி, முந்தைய பத்திரத்தில் ‘மாற்றிக்கொண்டேன்’ என்று எழுதப்பட்டது எழுதியவரின் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்பது. இதை விட்டிருந்தால் பழைய வாக்குமூலமும் புதிய வாக்குமூலமும் ஒரே கோப்பில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்திருக்கும்.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து நீதித்துறை நடுவர் முன் கையெழுத்திட்ட புதிய உறுதிமொழிப் பத்திரம், இரு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்று ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் வெளியிட்ட விளம்பரம், பிறப்புச் சான்றிதழ், திருத்திய ஆதார், பான் அட்டை, இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம், கூட்டு வங்கிக் கணக்கின் முதல் பக்கம் ஆகியவை மற்ற இணைப்புகள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மேலொப்பம் பெற்று அவர்கள் வழியாகவே அனுப்பினோம். தனியாகத் தபாலில் போடுவதைவிட இது மேல். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் ராமநாதபுரத்திலேயே சொல்லிவிடுவார்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வராது.

கடைசி மகனின் பிறப்பையும் அதே உறையில் தனித் தாளில் அறிவித்தோம். இருபத்தெட்டு வயது ஆணுக்கு அதனால் ஓய்வூதியப் பயன் ஏதும் இல்லை, அவனும் தூண்டில் வள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறவன். ஆனாலும் குடும்பப் பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று பட்டாளத்தார் விரும்பினார். ஒரு வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ, விதவையாகிவிட்ட மகளோ இருந்தால் இந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்பது வேறு கணக்கு. அவர்களுக்குத் தகுதியிருப்பின் குடும்ப ஓய்வூதியம் தொடரும், பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்காக அதைக் கேட்டுப் போராடுவது மிகக் கடினம்.

மறுத்திருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தோம். முதலில் மேல்முறையீட்டு மனு, அதற்கும் பலனில்லையென்றால் படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, இறுதி ஆணை வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனு கொடுத்தும் பதிலே வராவிட்டால், ஆறு மாதம் காத்திருந்த பின் அடுத்த ஆறு மாதத்துக்குள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு: தர்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தொடரும் ஓய்வூதியக் குறைபாட்டில்கூட நிலுவைத் தொகை பொதுவாக வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். நல்லவேளையாக எதற்கும் தேவை வரவில்லை.

2024 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் புதிய பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்தது. பழைய ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, ‘என்று இருப்பதை, என்று படிக்கவும்’ என்ற பாணியில் இரண்டே வரி. அறுபதாண்டுக்கு முன் அதே வாரத்தில்தான் கடல் ஏறியது என்று அந்தோணியம்மாள் சொன்னார். அந்த வீட்டில் ஆண்டுதோறும் அந்த நாளில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். தாளை மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

ஆணை வந்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தியது தன் ஏட்டை. பணம் கொடுப்பது வேறு அலுவலகம். பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அந்தத் திருத்தம் போய், பிபிஓவிலும் ஸ்பர்ஷிலும் ஏறினால்தான் விதவையாகும் நாளில் அது அவருக்கு உதவும். பொங்கல் முடிந்து இரண்டு முறை பார்த்தோம், பழைய பெயரே இருந்தது. ஸ்பர்ஷில் ஒரு குறையறிக்கை பதிந்து, ஆணையின் நகலை இணைத்தோம். பிப்ரவரி இரண்டாம் வாரம் அதே இ-சேவைக் கடையில், அதே பையன் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். பிறந்த தேதி 1962 ஜூன் 10. பெயரில் எம் இரண்டு, எல் ஒன்று, எல்லாம் சரி. ‘அந்தோணி’க்கும் ‘அம்மாளு’க்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. ஆதாரில் அந்த இடைவெளி இல்லை.

பட்டாளத்தார் என்னைப் பார்த்தார். “அண்ணே, இதுக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கிட்டப் போகணுமா?”

வேண்டியதில்லை என்றேன். ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. பையனிடம் அதே திரையில் ஒரு திருத்தக் கோரிக்கை பதியச் சொல்லி, ஒப்புகை எண்ணை டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.